மூன்றாவது ஷூ: ஒரு நகைச்சுவை நாடகத்தின் வெளிநாட்டுப் பயணம்

நகைச்சுவை நாடகம் என்றால் இரண்டு மணி நேரம் கவலையை மறந்து சிரித்துவிட்டு, வெளியே வந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிரித்து முடித்த பிறகு தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் அது நகைச்சுவை என்று நினைத்த ஒரு மனிதர் இத்தாலியில் இருந்தார். பெயர் தாரியோ ஃபோ. 1997-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். 2016 அக்டோபரில் 90 வயதில் காலமானார்.

அவர் எழுதியவற்றில் உலகம் முழுக்கச் சுற்றிய நாடகம் 'ஒரு அராஜகவாதியின் தற்செயல் மரணம்'. (தமிழில் 'அராஜகம்' என்றாலே அடிதடி, அட்டூழியம் என்றுதான் காதில் விழும். இங்கே அதற்கு அந்த அர்த்தம் இல்லை. அரசு என்ற ஒன்றே வேண்டாம் என்ற அரசியல் கொள்கை உடையவர், அவ்வளவுதான்.) இந்த நாடகம் இத்தாலியில் ஒன்றாகவும், லண்டனில் வேறொன்றாகவும், நியூயார்க்கில் மற்றொன்றாகவும் ஆன கதை சுவாரசியமானது. ஒரு நகைச்சுவை நாடு விட்டு நாடு போகும்போது கூடவே எது போக வேண்டும், எது தொலைந்தால் பரவாயில்லை என்ற கேள்விக்கு அந்தக் கதையில் ஒரு பதில் இருக்கிறது.

முதலில் பிணம், பிறகு நாடகம்

1969 டிசம்பர் 12. மிலான் நகரின் பியாட்சா ஃபொன்தானா சதுக்கத்தில் ஒரு வங்கிக்குள் குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். காவல்துறை உடனே இடதுசாரிகளையும் அராஜகவாதிகளையும் பிடித்து உள்ளே வைத்தது. அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் ஜுசெப்பே பினெல்லி. 41 வயது, ரயில்வே தொழிலாளி. சட்டப்படி 48 மணி நேரத்துக்கு மேல் அவரை வைத்திருக்கக் கூடாது. ஆனால் மூன்று நாள் வைத்திருந்தார்கள். டிசம்பர் 15 நள்ளிரவு வாக்கில் மிலான் காவல் தலைமையகத்தின் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து அவர் கீழே விழுந்து இறந்தார்.

குற்றம் நிரூபணமாகிவிடும் என்ற பயத்தில் தானே குதித்துவிட்டார் என்றது காவல்துறை. பிற்பாடு அந்தக் கதை மாறியது. ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் பொருந்தவில்லை. கடைசியில் 1975-ல் விசாரணை நீதிபதி ஒரு முடிவு சொன்னார்: தற்கொலையும் இல்லை, கொலையும் இல்லை, திடீர் உடல்நலக் குறைவால் நிலைதடுமாறி விழுந்தார். வங்கியில் குண்டு வைத்தது பினெல்லியோ அவர் தோழர்களோ இல்லை என்பதும் பின்னாளில் தெளிவானது. பழி ஒரு நவபாசிசக் குழுவினர் மேல்தான் என்று 2005-ல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சம்பந்தப்பட்ட இருவர் முன்பே விடுதலையாகிவிட்டதால் அவர்களைத் திரும்ப விசாரிக்க முடியவில்லை.

பினெல்லி இறந்து ஒரு வருடம் முடிவதற்குள், 1970 டிசம்பரில், ஃபோ இந்த நாடகத்தை மேடையேற்றிவிட்டார். அவரும் அவர் மனைவி ஃபிராங்கா ராமேயும் அதற்கு முன்பே வழக்கமான வணிக நாடக அரங்குகளை விட்டு வெளியேறியவர்கள். 'லா கொமூனே' என்ற அவர்கள் குழு மிலானில் ஒரு பழைய தொழிற்கூடக் கொட்டகையை அரங்கமாக்கி வைத்திருந்தது. அங்கே நாடகம் முடிந்ததும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். விவாதம் தொடங்கும். அதை நாடகத்தின் மூன்றாவது அங்கம் என்றே சொல்வார்கள்.

அதே சமயத்தில் மிலான் நீதிமன்றத்தில் ஓர் அவதூறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பினெல்லியை விசாரித்த காவல் அதிகாரி லூயிஜி கலாப்ரேசி, தன்னைக் கொலைகாரன் என்று எழுதிய ஒரு இடதுசாரிப் பத்திரிகையின் மேல் போட்ட வழக்கு அது. அங்கே வரும் வாக்குமூலங்களை வாங்கி ஃபோ நாடகத்துக்குள் வைத்தார். புதிதாக ஏதாவது வெளிவந்தால் வசனம் மாறும். நேரடியாக எழுதினால் தன் மேலும் வழக்கு வரும் என்பதால், இது 1920-ல் நியூயார்க்கில் நடந்த கதை என்று ஒரு சாக்கும் வைத்துக்கொண்டார். அதுவும் பொய்யில்லை. அந்த வருடம் மே மாதம் ஆந்த்ரேயா சல்சேதோ என்ற இத்தாலிய அராஜகவாதி, நியூயார்க்கில் விசாரணைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த கட்டடத்தின் 14-வது மாடியிலிருந்து விழுந்துதான் இறந்தார்.

கதை என்ன?

ஆள்மாறாட்டம் செய்தே பழகிப்போன ஒரு பைத்தியக்காரன் காவல் நிலையத்தில் பிடிபடுகிறான். அங்கே இருந்துகொண்டே, மேலிடத்திலிருந்து வந்த நீதிபதி மாதிரி வேஷம் போட்டு, ஜன்னலிலிருந்து விழுந்த ஆளைப் பற்றிய விசாரணையைத் திரும்பத் தொடங்குகிறான். போலீஸ்காரர்கள் பதறிப்போகிறார்கள். உங்களைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன், கொஞ்சம் நம்பும்படியாகச் சொல்லுங்கள் என்கிறான். அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பொய்யும் அடுத்த பொய்யின் காலை வாருகிறது.

அதில் ஒரு இடம். விழும்போது நான் காலைப் பிடித்தேன், ஷூ மட்டும் கையோடு வந்துவிட்டது என்கிறார் ஒரு காவலர். ஆனால் கீழே கிடந்த உடலில் இரண்டு ஷூவும் இருக்கின்றன! அப்படியானால் இறந்தவருக்கு மூன்று காலா என்று கேட்கிறான் பைத்தியக்காரன். அரங்கம் அதிரும். நாடகத்திலேயே பெரிய சிரிப்பு அதுதான். அந்தச் சிரிப்பில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஷூ விவகாரம் ஃபோவின் கற்பனை இல்லை, பினெல்லி விவகாரத்தில் காவல்துறைத் தரப்பிலிருந்து வெளியே வந்த கதைகளில் ஒன்று. மிலானில் அன்று சிரித்தவர்களுக்கு அது தெரியும். நகைச்சுவையை எழுதியவர் ஃபோ இல்லை, காவல்துறை. அவர் அதை மேடையில் எடுத்து வைத்தார், அவ்வளவே.

கடைசியில் விளக்கு அணைகிறது, ஓர் அலறல், பைத்தியக்காரனும் ஜன்னலிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். அப்பாடா என்று போலீஸ்காரர்கள் மூச்சு விடும்போது கதவு திறக்கிறது. உண்மையான நீதிபதி வந்து நிற்கிறார், அதே முகம். எல்லாம் முதலிலிருந்து தொடங்கப் போகிறது. பார்க்க வந்தவர்களுக்கு நிம்மதி கிடையாது.

லண்டன்: பெரிய வெற்றி, பெரிய சந்தேகம்

1979-ல் பெல்ட் அண்ட் பிரேசஸ் என்ற ஆங்கில இடதுசாரி நாடகக் குழு இதை எடுத்தது. கில்லியன் ஹன்னாவின் மொழிபெயர்ப்பிலிருந்து கவின் ரிச்சர்ட்ஸ் மேடைக்குத் தழுவி எழுதி இயக்கினார். ஊர் ஊராகப் போட்டு, லண்டனில் ஹாஃப் மூன் என்ற சிறிய அரங்குக்கு வந்து, 1980 மார்ச்சில் வெஸ்ட் எண்ட் பகுதியின் விண்டம்ஸ் தியேட்டருக்கே போய்விட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஆல்பிரெட் மொலினா போன்ற நடிகர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆங்கிலம் பேசும் உலகத்துக்கு ஃபோ யார் என்று தெரியவந்ததே இதற்குப் பிறகுதான்.

ஆனால் ஃபோ முழு மகிழ்ச்சியில் இல்லை. சிரிப்பு கூடிவிட்டது, நையாண்டி குறைந்துவிட்டது என்பது அவர் வருத்தம். மேடையில் ஓட்டமும் சாட்டமும் அதிகம், இறந்தவர் எங்கோ பின்னால் போய்விட்டார். முடிவையும் மாற்றியிருந்தார்கள். ஃபோவின் முடிவில் புது நீதிபதி வருகிறார். ரிச்சர்ட்ஸின் முடிவில், வெடிக்கப் போகும் குண்டு இருக்கும் அறையில் விலங்கிடப்பட்டிருக்கும் போலீஸ்காரர்களைப் பெண் பத்திரிகையாளர் விட்டுவிட்டுப் போவதா, காப்பாற்றுவதா என்று இரண்டு முடிவுகள் காட்டப்படுகின்றன. எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல.

இங்கே ரிச்சர்ட்ஸுக்கு ஆதரவாக ஒன்று சொல்லியாக வேண்டும். ராத்திரிக்கு ராத்திரி வசனத்தை மாற்றியவர்தானே ஃபோ? அவருக்கு மட்டும் மாற்றும் உரிமை, மற்றவர்களுக்கு இல்லையா? நியாயமான கேள்விதான். பதில், மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்பதில் இருக்கிறது. ஃபோ மாற்றியதெல்லாம் வழக்கை இன்னும் நெருங்கிப் போவதற்காக. லண்டனில் மாற்றியதில் பாதி, வழக்கு தெரியாதவர்களும் சிரிக்க வேண்டுமே என்பதற்காக. இரண்டு முடிவு வைப்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அரசு இதை எப்படிச் செய்தது' என்ற கேள்வியை அது 'அந்தப் பெண்ணாக இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று மாற்றிவிடுகிறது. விலங்கு மாட்டியிருக்கும் போலீஸ்காரர் மேல் நமக்கு இரக்கம் வந்துவிடும். ஜன்னலிலிருந்து விழுந்தவர் மறந்துபோவார்.

இத்தனைக்கும் லண்டனுக்குச் சொந்தமாகவே ஒரு வழக்கு அப்போது இருந்தது. 1979 ஏப்ரல் 23 அன்று, இந்தியர்கள் நிறைய வாழும் சவுத்தால் பகுதியில், நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அவரை அடித்தது ஒரு போலீஸ்காரராகத்தான் இருக்க வேண்டும் என்ற உள்விசாரணை அறிக்கையை லண்டன் காவல்துறை 2010-ல்தான் வெளியிட்டது. நாடகம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அதே வருடத்து மரணம் அது. மிலான் வழக்குக்கு மிலான் மக்கள் எப்படியோ, அப்படி இதற்கு லண்டன் மக்கள்.

நியூயார்க்: இருபதே காட்சிகள்

அமெரிக்காவில் நடந்தது ஒரு தனி நாடகம். 1980-லும் 1983-லும் ஃபோவுக்கும் ராமேவுக்கும் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. கொள்கை பிடிக்காதவர்களை உள்ளே விடாமல் தடுக்க 1952-ல் வந்த மெக்காரன்-வால்டர் சட்டம் கைகொடுத்தது. சிறையிலிருந்த இடதுசாரிகளுக்கு உதவும் ஓர் அமைப்பில் அவர்கள் வேலை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு நகைச்சுவை நடிகரைப் பார்த்து ஒரு வல்லரசு இரண்டு முறை பயந்தது!

1984-ல் ஒருவழியாக அனுமதி கிடைத்தது. அந்த நவம்பரில் பிராட்வேயின் பெலாஸ்கோ தியேட்டரில் நாடகம் ஏறியது. தழுவல் ரிச்சர்ட் நெல்சன், முக்கிய வேடம் ஜொனாதன் பிரைஸ். அன்றைய அமெரிக்க அரசியலைத் தொட்டுச் செல்லும் கிண்டல்கள் சேர்க்கப்பட்டிருந்தன. 20 காட்சிகளோடு கடையை மூடிவிட்டார்கள்.

நல்ல நடிகர், பெரிய அரங்கு, விசா சர்ச்சையால் இலவச விளம்பரம். இவ்வளவு இருந்தும் ஏன் போணியாகவில்லை? டிக்கெட் விலை, விமர்சகர்கள், பிராட்வேயின் செலவுக் கணக்கு என்று காரணங்களை அடுக்கலாம். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆந்த்ரேயா சல்சேதோ விழுந்தது அதே நியூயார்க்கில், அதே மன்ஹாட்டனில். ஃபோ மிலானில் சாக்காகப் பயன்படுத்திய பெயர், இந்த ஊரில் சாக்கு இல்லை, சொந்தச் சரித்திரம். அதைத் தூசி தட்டி எடுத்து நடுவில் வைக்காமல், அதிபரைப் பற்றி நாலு ஜோக் சேர்த்தால் போதும் என்று நினைத்தது வேடிக்கை. அதிபரைக் கிண்டல் செய்ய எந்தத் தைரியமும் தேவையில்லை, தொலைக்காட்சியில் தினமும் செய்கிறார்கள். செத்தவர் பெயரைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும்.

மறுபடியும் லண்டன்

1991-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஆலன் கம்மிங் இதே வேடத்தில் நடித்து ஒலிவியே விருது வாங்கினார். 2003-ல் டான்மார் வேர்ஹவுஸில் ரீஸ் இஃபான்ஸ் நடித்தார். இந்தியாவுக்கும் வந்தது: டெல்லியில் அரவிந்த் கௌரின் அஸ்மிதா குழு 'ஆபரேஷன் த்ரீ ஸ்டார்' என்ற பெயரில் இந்தியில் போட்டது.

ஆனால் கவனிக்க வேண்டியது 2022-ல் ஷெஃபீல்டில் தொடங்கிய மேடையேற்றம். டாம் பாஸ்டன் தழுவல், டேனியல் ராகெட் இயக்கம், பைத்தியக்காரனாக டேனியல் ரிக்பி. இதில் மிலானே இல்லை. காவல் நிலையம் லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸுடையது. 2023 மார்ச்சில் இது லண்டன் லிரிக் ஹாமர்ஸ்மித் அரங்கில் நடந்துகொண்டிருந்தபோதுதான் லூயிஸ் கேசியின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. 2021-ல் சாரா எவரார்ட் என்ற பெண்ணை லண்டன் போலீஸில் வேலை பார்த்த ஒரு போலீஸ்காரரே கடத்திக் கொன்றதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட விசாரணை அது. லண்டன் போலீஸில் இனவெறியும் பெண் வெறுப்பும் ஓரினச்சேர்க்கையாளர் வெறுப்பும் நிறுவன அளவிலேயே ஊறிப்போயிருக்கின்றன என்றது அறிக்கை. காலையில் செய்தித்தாளில் படித்ததை ராத்திரி மேடையில் பார்த்தார்கள் மக்கள். அந்தக் கோடையில் நாடகம் வெஸ்ட் எண்டுக்கே மறுபடி போனது.

ஃபோ எழுதிய இத்தாலியப் பெயர்கள், இத்தாலியக் கிண்டல்கள் இதில் பெரும்பாலும் இல்லை. மொழிபெயர்ப்பு என்ற கணக்கில் பார்த்தால் இதுதான் மூலத்தை விட்டு ரொம்ப தூரம் போனது. ஆனால் மிலான் கொட்டகையில் நடந்ததற்குக் கிட்டத்தில் வந்ததும் இதுதான்! ஏனென்றால் பார்க்க வந்தவர்களுக்குத் தாங்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்திருந்தது.

சிரிப்புக்கும் விலை உண்டு

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, ஆக செத்தவர் பெயரைச் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த நாடகத்தின் மறுபக்கமும் இருக்கிறது.

கலாப்ரேசி ஞாபகம் இருக்கிறதா? நாடகத்தில் வரும் ஒரு அதிகாரி அவர்தான் என்று இத்தாலியில் எல்லோருக்கும் புரிந்தது. அவர் மேல் பத்திரிகைகளிலும் சுவர்களிலும் வெறுப்பு பொங்கிக்கொண்டிருந்த காலம். 1972 மே 17 அன்று அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பினெல்லி விழுந்த நேரத்தில் கலாப்ரேசி அந்த அறையிலேயே இல்லை என்று 1975 விசாரணை சொன்னது. நாடகம் அவரைக் கொன்றது என்று சொல்வது அபத்தம். ஆனால் அந்தச் சூழலுக்கும் நாடகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்வதும் நேர்மை இல்லை.

நாடகக்காரர்களும் விலை கொடுத்தார்கள். 1973 மார்ச்சில் மிலானில் ஃபிராங்கா ராமே பாசிஸ்டுகளால் கடத்தப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பின்னாளில் அதையே ஒரு தனிமொழி நாடகமாக எழுதி மேடையில் நடித்தார். 2013-ல் காலமாகும் வரை அவர் வாய் மூடவில்லை.

இவ்வளவு ரத்தம் படிந்த ஒரு நாடகத்தை, நல்ல காமெடி, கூட்டம் வரும் என்று மட்டும் எடுத்துப் போடுவது எப்படிச் சரியாகும்? ஒரு மேடையேற்றம் எத்தனை நாள் ஓடியது என்பது வசூல் கணக்கு. வரவு செலவுப் புத்தகத்துக்கு அது போதும். நாடகம் என்ன செய்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இருபது காட்சியில் மூடியது தோல்வி, ஒரு வருடம் ஓடியது வெற்றி என்று எழுதிவிட்டுப் போனால், மிலான் கொட்டகையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாடகத்திலேயே ஒரு கருத்து வருகிறது: முறைகேடு அம்பலமாவது அரசுக்கு நல்லதுதான், மக்கள் கோபப்பட்டு ஒரு ஏப்பம் விட்டுவிட்டு அமைதியாகிவிடுவார்கள் என்று. வெறும் சிரிப்பும் அந்த ஏப்பம் மாதிரிதான். வயிறு லேசாகிவிடும். அடுத்த வேளைக்குத் தயார்!

அதனால் வேற்று நாட்டு நகைச்சுவையைத் தொடும் எந்தக் குழுவும் மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். இந்தச் சிரிப்புக்கு அடியில் கிடப்பது யார் என்று தேட வேண்டும். பிறகு தன் ஊரில் அந்த இடத்தில் கிடப்பது யார் என்று தேட வேண்டும். பெயர், ஊர், உடை, முடிவு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளட்டும், ஃபோ கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த ஒருவரை மட்டும் மேடையை விட்டு இறக்கக் கூடாது. மாற்றும்போது எதைப் பிடித்து மாற்றுகிறோமோ அது உண்மையாகவும் இருக்க வேண்டும். வதந்தியை வைத்துச் சிரிக்க வைத்தால் அது வேறு ஒருவர் வாசலில் போய் வெடிக்கும்.

பியாட்சா ஃபொன்தானா சதுக்கத்தில் இன்று பினெல்லிக்கு இரண்டு நினைவுக் கற்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மிலான் மாநகராட்சி வைத்த கல், நிரபராதியான அவர் துயரமான முறையில் இறந்தார் என்கிறது. மாணவர்களும் ஜனநாயகவாதிகளும் வைத்த கல், நிரபராதியான அவர் கொல்லப்பட்டார் என்கிறது. 2009-ல் இத்தாலியின் குடியரசுத் தலைவர் பினெல்லியின் மனைவியையும் கலாப்ரேசியின் மனைவியையும் ஒரே நிகழ்ச்சிக்கு அழைத்து, பினெல்லியும் பாதிக்கப்பட்டவரே என்று அரசின் சார்பில் சொன்னார். நாற்பது வருடம் ஆனது அதற்கு. ஆனாலும் இரண்டு கல்லும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.